மூணு தலைக்கு ஒரே ஸ்ட்ரெய்ட்னர் போதுமா? எந்த முடிக்கு எது வாங்கறது?

வயலட்பூனை:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்போ வேற வழியில்லாம எழுதறேன். எங்க வீட்ல அம்மா, நான், தங்கச்சி மூணு பேரும் ஒரே ஸ்ட்ரெய்ட்னரைத்தான் யூஸ் பண்ணிட்டிருந்தோம், ஆன் ஆஃப் பட்டன் மட்டும் இருக்கற பழைய சாமான், போட்டா நேரா 230 டிகிரிக்குப் போய் நிக்கும், குறைக்க முடியாது. போன வாரம் அவசரத்துல தலை குளிச்சிட்டு பாதி காஞ்சதும் எடுத்து இழுத்தேன், "சுர்ர்ர்"னு தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சத்தம், ஒரே புகை. ஆவிதான்னு நினைச்சிட்டு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சீவறப்போ காது பக்கம் ஒரு கொத்து அப்படியே சீப்போட வந்துடுச்சு, வேரோட இல்ல, நடுவுல ஒடிஞ்சு. கையில வெச்சுப் பார்த்தா ஒடிஞ்ச இடத்துல வெள்ளை வெள்ளையா சின்னப் புள்ளி.

அதனால புதுசு வாங்கணும். எனக்கு தோள் வரைக்கும் லேசா வளைஞ்ச நார்மல் முடி, முன்பக்கம் மட்டும் ப்ளீச் பண்ணி கலர் போட்டிருக்கேன். தங்கச்சிக்கு சுருட்டை, கெட்டி முடி, ரப்பர் பேண்டே அறுந்துடும். அம்மாவுக்கு பாதி நரை, இப்போ ரொம்ப மெலிஞ்சு எலி வால் மாதிரி ஆயிடுச்சு. செராமிக்ங்கறாங்க, டைட்டானியம்ங்கறாங்க, டூர்மலின்ங்கறாங்க, தலை சுத்துது. மூணு பேருக்கும் ஒண்ணே வாங்கலாமா இல்ல தனித்தனியாவா?

அரைலிட்டர்ஷாம்பு:
டைட்டில்ல மூணு தலைன்னு பார்த்ததும் ராவணன் கதையோன்னு வந்தேன். சரி சரி, துண்டு போட்டு உக்காந்துக்கறேன், எனக்கும் இது தெரியணும்.

பார்லர்அக்கா:
வயலட்பூனை, முதல்ல ஒடிஞ்ச முடிக்கு ஒரு நிமிஷ மௌன அஞ்சலி :)

பதினோரு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன், வர்றவங்க நூறு பேர்ல தொண்ணூறு பேர் நீங்க பண்ணின தப்பைத்தான் பண்றாங்க. ஈர முடியில அயர்ன் வெச்சதைச் சொல்லல, அது தனிக் கதை. "கெட்டி முடி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க பாருங்க, அதைச் சொல்றேன். தலையில முடி நிறைய இருக்கறது வேற, ஒவ்வொரு முடியும் தடிமனா இருக்கறது வேற. உங்க தங்கச்சிக்கு நிறைய முடி இருக்கு, சரி. ஆனா ஒத்தை முடியை எடுத்துப் பார்த்தீங்களா?

இப்போவே ஒரு வேலை பண்ணுங்க. மூணு பேர் தலையில இருந்தும் உதிர்ந்த முடி ஒவ்வொண்ணு எடுங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க. விரல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்தா மெல்லிசு. ஏதோ இருக்குன்னு லேசா தெரிஞ்சா நடுத்தரம். தையல் நூல் மாதிரி நல்லா உருண்டா தடிமன். ரிசல்ட்டைச் சொல்லுங்க, அப்புறம் மெஷின் பேசலாம். சூடு எவ்வளவு வேணும்ங்கறதை ஒத்தை முடியோட தடிமன்தான் சொல்லும், தலையில எத்தனை முடி இருக்குன்னு பார்த்து சூடு வெக்கக் கூடாது.

நெத்திமுடி:
அக்கா இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு? டைட்டானியம் வாங்குங்க, 230ல வெச்சு ஒரே இழு, முடிஞ்சுது. நான் ஆறு வருஷமா அப்படித்தான் பண்றேன், என் முடி நல்லாத்தான் இருக்கு. சூடு கம்மியா வெச்சு அஞ்சு தடவை இழுக்கறதுதான் டேமேஜ்.

லேப்கோட்:
நெத்திமுடி சொல்றதுல பாதி சரி, பாதி ஆபத்து. கெமிஸ்ட்ரி படிச்ச பாவத்துக்கு நான் கொஞ்சம் விளக்கறேன், போர் அடிச்சா தாண்டிப் போயிடுங்க.

முடிங்கறது கெரட்டின்ங்கற புரோட்டீன். அதுக்குள்ள இருக்கற இழைகளைப் பிடிச்சு வெக்கறதுல ரெண்டு பிணைப்பு முக்கியம். ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு, பலவீனமானது, தண்ணி பட்டாலோ சூடு பட்டாலோ விட்டுடும், காஞ்சு ஆறினதும் எந்த ஷேப்ல இருக்கோ அந்த ஷேப்லயே திரும்பப் பிடிச்சுக்கும். சட்டைக்குத் தண்ணி தெளிச்சு அயர்ன் பண்றோமே, அதுலயும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். ஸ்ட்ரெய்ட்னர் வேலை செய்யறது இதுலதான், அதனாலதான் மழைக்காலத்துல, காத்துல ஈரம் ஏறினா ரெண்டு மணி நேரத்துல முடி பழையபடி உப்பிக்குது. இன்னொண்ணு டைசல்ஃபைட் பிணைப்பு, அது கெட்டி, ரீபாண்டிங்ல ரசாயனம் வெச்சு உடைக்கறது அதைத்தான், அதனாலதான் அந்த முடி வளர்ந்து வெட்டற வரைக்கும் நேராவே கிடக்கு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். காஞ்ச முடியில கெரட்டினோட கட்டமைப்பே சிதைய ஆரம்பிக்கறது சுமார் 230 டிகிரி வாக்குல. ஈர முடியில அதே சிதைவு 150 டிகிரி பக்கத்துலயே நடந்துடும். நெத்திமுடி, நீங்க தினமும் அந்தக் கோட்டு மேல நின்னுக்கிட்டு "நான் இன்னும் விழலையே"ன்னு சொல்றீங்க. வயலட்பூனை, நீங்க ஈரத்தோட 230ஐ வெச்சீங்க, அதாவது கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போயிட்டீங்க. முடித் தண்டுக்குள்ள சிக்கின தண்ணி அந்தச் சூட்டுல ஆவியாகி வெளிய வர வழியில்லாம உள்ளேயே குமிழியா ஊதிடும், பபிள் ஹேர்னே அதுக்குப் பேரு. குமிழி விட்ட இடம் ஓட்டையான குழாய் மாதிரி, சீப்பு பட்டாலே ஒடியும். ஒடியற இடத்துல வெள்ளைப் புள்ளி தெரியறதும் சேதத்தோட அடையாளம்தான்.

நெத்திமுடி:
சரி சார் வாத்தியாரே. ஆனா அஞ்சு தடவை இழுக்கறது டேமேஜ்னு சொன்னது?

லேப்கோட்:
அது சரி. முடி எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கறது ரெண்டும் சேர்ந்துதான் கணக்கு. 150ல அஞ்சு தடவை இழுத்தும் நேராகலன்னா 10 டிகிரி ஏத்தி ஒரே தடவை மெதுவா இழுக்கறது மேல். அதுக்காக நேரா உச்சிக்குப் போயிடாதீங்க. கீழே இருந்து ஏறுங்க, ஒரு இழுப்புல படியற இடத்துல நின்னுடுங்க.

வயலட்பூனை:
மக்களே சோதனை பண்ணிட்டேன், எனக்கு ஒரே ஆச்சரியம். தங்கச்சி முடியை உருட்டினா விரல்ல ஒண்ணுமே தெரியல, சிலந்தி வலை மாதிரி இருக்கு!! அம்மாவோட நரை முடி கம்பி மாதிரி உருளுது. என்னோடது லேசா தெரியுது, ஆனா ப்ளீச் பண்ணின முடி சொரசொரன்னு இருக்கு, அது தடிமனா இல்ல கெட்டுப்போனதான்னு புரியல. அப்போ இத்தனை நாள் தங்கச்சிக்குத்தான் கெட்டி முடின்னு சொல்லி அதிகச் சூடு வெச்சு ரெண்டு மூணு தடவை இழுத்துட்டிருந்தோம், அம்மாவுக்கு மெலிஞ்ச முடின்னு பயந்து பயந்து தொட்டும் தொடாம இழுத்து, படியவே படியாம விட்டுட்டிருந்தோம். எல்லாமே தலைகீழ்.

பார்லர்அக்கா:
அதேதான்! சுருட்டை முடிக்காரங்க நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும். மொத்தமா பார்த்தா புதர் மாதிரி, ஒத்தையா எடுத்தா பட்டு நூல்.

ப்ளீச் முடி சொரசொரன்னா அது தடிமன் இல்ல, மேல் தோல் செதில் செதிலா தூக்கிக்கிட்டு நிக்குது. மீன் செதிலைத் திருப்பித் தடவினா எப்படியிருக்கும், அப்படி. அந்த முடி தண்ணியை சட்டுனு குடிக்கும், சட்டுனு விடும், சூட்டையும் தாங்காது. அதனால உங்க தலையிலேயே ரெண்டு சூடு வெக்கணும், முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு.

நான் வைக்கற அளவு சொல்றேன், இது வேதம் இல்ல, என் கை அனுபவம். மெல்லிசு, ப்ளீச், ஒடியற முடி எல்லாம் 120ல ஆரம்பிச்சு 150 தாண்ட மாட்டேன். நடுத்தர முடி 150லேர்ந்து 180. தடிமனான, எதுவும் பண்ணாத முடின்னா 180லேர்ந்து 200, ரொம்பப் பிடிவாதமா இருந்தா இன்னும் ஒரு பத்து. நரை முடி தடிமனா இருந்தாலும் நான் 170, 180க்கு மேல போக மாட்டேன், ஏன்னா வெள்ளை முடி சூட்டுல மஞ்சளாயிடும், கறுப்பு முடியில அது கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையில பழைய பேப்பர் மாதிரி பளிச்சுனு தெரியும். ஒரு அம்மா வெள்ளி மாதிரி இருந்த முடியை வீட்ல இழுத்து இழுத்து முன்பக்கம் மட்டும் மஞ்சள் பட்டையோட என்கிட்ட வந்தாங்க, கலங்கிப்போயிட்டாங்க பாவம்.

சுருட்டைத்தலை:
தங்கச்சி சார்புல நான் பேசறேன், எனக்கு 3சி வகை சுருட்டை, அதாவது பென்சில்ல சுத்தின மாதிரி. தெரியாதவங்களுக்கு, 1 நேர் முடி, 2 அலை, 3 சுருட்டை, 4 நெருக்கமான சுருள், அதுக்குள்ள ஏ பி சின்னு பிரிப்பாங்க. ஆனா அந்த நம்பர் வளைவை மட்டும்தான் சொல்லும், தடிமனைச் சொல்லாது, அதை வெச்சு மட்டும் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கினா அக்கா சொன்ன கதைதான்.

சுருட்டையில இன்னொரு சிக்கல், ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம், தலையில சுரக்கற எண்ணெய் நேர் முடியில வழுக்கிட்டு நுனி வரை போகும், சுருள்ல ஏறி இறங்கிப் போக முடியாம வேர்கிட்டயே தங்கிடும், நுனி வறண்டு கிடக்கும். அதனால பார்க்க முரட்டுத்தனமா இருந்தாலும் உடையறது எங்க முடிதான் முதல்ல.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். காலேஜ்ல வாரம் மூணு நாள் இழுப்பேன். ஒரு வருஷம் கழிச்சு விட்டுடலாம்னு தலை குளிச்சுப் பார்த்தா பின்பக்கம் சுருளுது, முன்பக்கம் ரெண்டு கொத்து மட்டும் செத்த பாம்பு மாதிரி தொங்குது. மாஸ்க் போட்டேன், எண்ணெய் தேய்ச்சேன், புரோட்டீன் ட்ரீட்மெண்ட் பண்ணேன், ம்ஹூம். சூட்டுல போன சுருள் திரும்ப வராது, வளர்த்து வெட்டணும், எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. தங்கச்சி சுருட்டையைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா ஸ்ட்ரெய்ட்னரே வேணாம். எப்பவாவது ஆசைக்குன்னா ஓகே.

அப்படி எப்பவாவது பண்றப்போ எப்படின்னா, நல்லா ஷாம்பு போட்டு அலசி (எண்ணெய், ஜெல் எல்லாம் போயிடணும்), ஹீட் ப்ரொடெக்டன்ட் (சூட்டுல இருந்து முடியைக் காக்கப் பூசறது) போட்டு, ட்ரையர்ல சீப்பு வெச்சு இழுத்து முக்கால்வாசி நேராக்கிடுங்க, முழுசா காயணும். அப்புறம் விரல் தடிமனுக்குக் கொத்து எடுத்து, நெருக்கமான பல் சீப்பை முன்னால ஓட்டி அதுக்குப் பின்னாடியே ஸ்ட்ரெய்ட்னரைக் கொண்டு போங்க. சீப்பு சிக்கை எடுத்து முடியை விறைப்பா பிடிச்சுக் குடுக்கும், ஒரே இழுப்புல முடியும். என் முடி மெல்லிசுங்கறதால 160தான் வெக்கறேன், அதுலயே படியுது. முன்னாடி 220ல வெச்சதை நினைச்சா என்னை நானே கொட்டிக்கணும் போல இருக்கு.

குட்டைமுடி:
ஆம்பளைங்களுக்கும் பதில் சொல்லுங்கப்பா. எனக்கு காது வரைக்கும் முடி, தாடி வேற சுருண்டுக்கிட்டு நிக்குது. அக்காவோட பெரிய ஸ்ட்ரெய்ட்னரை வெச்சு காது மடலைச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம்.

பார்லர்அக்கா:
பிளேட் அகலம் தம்பி. உங்களுக்கு அரை அங்குலம், பென்சில் மாதிரி மெல்லிசா வரும், நெத்தி முடி, பிடரி, தாடி எல்லாத்துக்கும் அதுதான். சூட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைச்சுக்கோங்க, தாடிக்குள்ள தோல் ரொம்பக் கிட்ட, சீப்பை நடுவுல வெச்சுட்டு இழுங்க.

மத்தவங்களுக்கு ஒரு அங்குலம் போதும், அதுதான் எல்லாத்துக்கும் பொது. இடுப்பு வரை முடி, அடர்த்தியும் ஜாஸ்தின்னா ஒன்றரை, ரெண்டு அங்குலம் எடுத்தா கை வலி பாதி மிச்சம், ஆனா அகலப் பிளேட் வேர்கிட்ட போகாது, நுனியை உள்பக்கமா வளைக்கவும் வராது. ஓரம் உருண்டையா இருக்கணும், கூரா இருந்தா முடியில கோடு விழும், அலை அலையா சுருட்டவும் முடியாது.

சீப்புதொலைச்சவ:
நடுவுல ஒரு கேள்வி, ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எனக்கு கொத்து கொத்தா பிரிச்சு இழுக்க நேரமில்ல. பிரஷ் மாதிரி வருதே, ஹீட் பிரஷ், அது எப்படி? லேசான அலை முடி எனக்கு.

சுருட்டைத்தலை:
அலை முடிக்கு பிரஷ் சூப்பர். கோடு போட்ட மாதிரி விறைப்பா வராது, ஆனா உப்பறது அடங்கும், அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு பிளேட் நடுவுல நசுங்காததால பளபளப்பு கம்மி. என் மாதிரி சுருட்டைக்கு அது சும்மா தலை வாரின மாதிரிதான், பத்து தடவை ஓட்டணும், அதுக்கு ஸ்ட்ரெய்ட்னரே மேல். இன்னொண்ணு, காத்தடிக்கற ஹாட் ஏர் பிரஷ்னு இருக்கு, அது வேற, ஈர முடியைக் காயவைக்கத்தான். ஹீட் பிரஷ் காஞ்ச முடிக்கு மட்டும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கிடாதீங்க.

மின்கம்பி:
நான் எலக்ட்ரானிக்ஸ் ஆளு, முடி பத்தி ஒண்ணும் தெரியாது, எனக்கே மேல பாதிதான் இருக்கு. ஆனா வீட்ல வந்து சேர்ற செத்த ஸ்ட்ரெய்ட்னரை எல்லாம் பிரிச்சுப் பார்க்கற பழக்கம் உண்டு, அதனால பிளேட் பத்தி சொல்றேன்.

"செராமிக்"னு போட்டிருக்கறதுல நிறைய, உள்ள அலுமினியம், மேல செராமிக் பூச்சு. "டைட்டானியம்"னு போட்டதுலயும் நிறைய அதே அலுமினியம், மேல டைட்டானியம் பூச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, டைட்டானியம் சூட்டை வேகமா கடத்தும்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜத்துல டைட்டானியம் உலோகத்தைவிட அலுமினியம் சுமார் பத்து மடங்கு நல்லா கடத்தும். டைட்டானியம் மாடல் சீக்கிரம் சூடாகுதுன்னா அதுக்குக் காரணம் உள்ள இருக்கற ஹீட்டரோட பவரும், அதைக் கட்டுப்படுத்தற சென்சரும். டைட்டானியம் பூச்சுக்கு நல்ல குணம் வேற இருக்கு, சீக்கிரம் கீறல் விழாது, வழுக்கிட்டுப் போகும். நாள் பூரா இழுக்கற பார்லர்ல அது உழைக்கும். செராமிக் பூச்சு உரிஞ்சா அந்த இடத்துல முடி மாட்டும், அப்போ தூக்கிப் போட்டுடணும்.

டூர்மலின்ங்கறது ஒரு கனிமம், பொடியாக்கி பூச்சுல கலப்பாங்க. சூடுபண்ணினா, அழுத்தினா மின்னூட்டம் காட்டற கல், 1880ல கியூரி சகோதரர்கள் அழுத்தத்துல மின்சாரம் வர்றதைக் கண்டுபிடிச்சப்போ சோதிச்ச படிகங்கள்ல இதுவும் ஒண்ணு. அதை வெச்சு "நெகட்டிவ் அயான்"னு விளம்பரம் பண்றாங்க. பூச்சுல எவ்வளவு பொடி இருக்குன்னு பெட்டியில போட மாட்டாங்க, அதனால நான் அந்த வார்த்தைக்குன்னு தனியா காசு குடுக்க மாட்டேன்.

நான் பார்க்கறது அஞ்சு விஷயம். டிகிரி நம்பரா காட்டணும், "லோ மீடியம் ஹை" இல்ல, அந்த லோ எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? பத்து பத்தா மாத்த முடியணும். பிளேட் லேசா அசைஞ்சு குடுக்கற மாதிரி, கீழ ஸ்ப்ரிங்கோட இருக்கணும். தானா அணையணும், மாடலைப் பொறுத்து 30 நிமிஷம், 60 நிமிஷம்னு இருக்கும். அப்புறம் லேபிள்ல 100லேர்ந்து 240 வோல்ட்னு இருந்தா எங்க போனாலும் வேலை செய்யும், வெறும் 110 போட்டதை 230 வோல்ட்ல சொருகிடாதீங்க, என் அண்ணி சொருகினாங்க, டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

கடையில ஒரு சோதனை, ஸ்விட்ச் போடாம ஒரு தாள் துண்டை பிளேட் நடுவுல வெச்சு மூடி இழுங்க. நுனியிலயும் நடுவுலயும் அடியிலயும் ஒரே மாதிரி பிடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிட்டு வந்தா அந்தப் பக்கம் முடியும் அப்படித்தான் வழுக்கும், நீங்க திரும்பத் திரும்ப இழுப்பீங்க.

நெத்திமுடி:
அந்தத் தாள் சோதனையை என்னோடதுல இப்பத்தான் பண்ணிப் பார்த்தேன். நுனிப்பக்கம் சும்மா உருவிட்டு வருது. இடது பக்கம் மட்டும் ஏன் படியாதுன்னு ரெண்டு வருஷமா என் முடியைத் திட்டிட்டிருந்தேன் :(

அரைலிட்டர்ஷாம்பு:
ஒரே சூட்டுல நிக்கற மாடல் எல்லாம் குப்பையா அப்போ? ஜிஎச்டிங்கற பிராண்டு வெச்சிருக்கேன், அதுல மாத்தவே முடியாது, எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது.

மின்கம்பி:
இல்ல ப்ரோ, அது வேற கேஸ். அவங்க நிறைய மாடலை 185 டிகிரியில நிறுத்தி வெச்சிருக்காங்க, அந்தச் சூட்டைப் பிளேட் பூரா சீரா பிடிச்சு வெக்கறதுலதான் அவங்க வித்தை. நடுத்தர முடிக்கு, தடிமனுக்கு அது போதும். வயலட்பூனை வீட்ல இருந்தது மாத்தவும் முடியாது, 230 வேற. 120, 140 தேவைப்படற ப்ளீச் முடி உள்ள வீட்டுக்கு 185 மட்டும்னா நான் வேணாம்னுதான் சொல்வேன்.

சீப்புதொலைச்சவ:
ஈரத்துலயே பண்ணலாம்னு "வெட் டு ட்ரை"ன்னு போட்டு விக்கறாங்களே, அது?

லேப்கோட்:
பிளேட்ல காத்துப் போக ஓட்டை வெச்சு, "ஈரத்துலயும் ஓகே"ன்னு விக்கற சூடான பிளேட் மாடலை நான் நம்ப மாட்டேன், ஓட்டை இருந்தாலும் முடியைத் தொடறது அதே கொதிக்கற பிளேட்தான். 2023ல டைசன் விட்ட ஏர்ஸ்ட்ரெய்ட் வேற ரகம், அதுல சூடான பிளேட்டே இல்ல, வேகமான காத்தை வெச்சே காயவெச்சு நேராக்குது, அந்த யோசனை சரி. ஆனா நெருக்கமான சுருளுக்கு சூடான பிளேட் வெச்சு இழுத்த மாதிரி கண்ணாடி கணக்கா நேரா வரும்னு எதிர்பார்க்காதீங்க. ஸ்டீம் மாடல் இன்னொரு வகை, காஞ்ச முடியில கொஞ்சமா ஆவி விட்டு இளக்கி உடனே படிய வெக்கும், தடிமன் முடிக்காரங்க நல்லாயிருக்குங்கறாங்க, தண்ணி ஊத்தி வெச்சுப் பராமரிக்கறதுதான் தொல்லை.

குட்டைமுடி:
ஹீட் ப்ரொடெக்டன்ட் நிஜமா வேலை செய்யுமா இல்ல வாசனைத் தண்ணியா? எண்ணெய் தடவினா போதாதா?

லேப்கோட்:
வேலை செய்யும், ஆனா கவசம் இல்ல. அதுல இருக்கற சிலிக்கோன், பாலிமர் எல்லாம் முடி மேல மெல்லிசா படர்ந்து சூடு உள்ள போறதைக் கொஞ்சம் மெதுவாக்கும், வழுக்கலாக்கும், அதனால கம்மி தடவை இழுத்தாப் போதும். 230ஐ 150 ஆக்கிடாது. ஸ்ப்ரே பண்ணினா காய விட்டுட்டு இழுங்க, ஈரமா இருக்கறப்போவே இழுத்தா வயலட்பூனை கேட்ட அதே "சுர்ர்"தான். எண்ணெயை நிறையப் பூசி இழுக்கவே கூடாது, பிளேட்ல ஒட்டிக் கருகி பிசின் மாதிரி ஆயிடும், அந்தப் பிசின் அடுத்த முடியை இழுத்து அறுக்கும். ஆறினதும் ஈரத் துணியில துடைச்சு வெச்சா போதும்.

அரைலிட்டர்ஷாம்பு:
இவ்ளோ தொல்லைக்கு வீட்லயே கெரட்டின் ட்ரீட்மெண்ட் கிட் வாங்கி ஒரு தடவை அடிச்சு விட்டுட்டா?

பார்லர்அக்கா:
தயவுசெஞ்சு வேணாம். அதுல நிறைய கிட்ல ஃபார்மால்டிஹைடோ, சூடுபட்டா அதை வெளிய விடற பொருளோ இருக்கும், பேர் மாத்திப் போட்டிருப்பாங்க. அதைப் பூசிட்டு 200க்கு மேல ஸ்ட்ரெய்ட்னர் வெச்சு ஒவ்வொரு கொத்தையும் பல தடவை இழுக்கச் சொல்லுவாங்க, அப்போ கண்ணு எரியும், தொண்டை கரகரக்கும், அந்தப் புகைதான் அது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே ஃபார்மால்டிஹைடை மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கற பொருள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. நான் முதல்ல வேலை பார்த்த இடத்துல ஜன்னல்கூட இல்லாத ரூம்ல இதைப் பண்ணச் சொன்னாங்க, ஒரு மாசத்துல மூக்குல ரத்தம் வந்துச்சு, வேலையை விட்டுட்டேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இதைப் பண்றவங்களை நினைச்சா எனக்கு பயமா இருக்கு.

வயலட்பூனை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன், வாங்கியாச்சு. ஒண்ணுதான் வாங்கினேன், ஒரு அங்குலம், செராமிக் பூச்சு, 120லேர்ந்து 230 வரை பத்து பத்தா மாத்தற மாதிரி, கடையில நின்னு தாள் சோதனையும் பண்ணினேன், மூணாவது பீஸ்தான் சரியா பிடிச்சுது, விக்கற பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

முன்பக்கம் 130, பின்பக்கம் 160 வெக்கறேன். 130ல விறைப்பா நேராகல, லேசா வளைஞ்சுதான் இருக்கு, ஆனா உடையல, எனக்கு இதுவே போதும். தங்கச்சிக்கு சுருட்டைத்தலை சொன்ன மாதிரி சீப்பு ஓட்டி 150ல பண்ணினோம், ஒன்றரை மணி நேரம் ஆச்சு, பிடரிக்குக் கிட்ட வந்தப்போ ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துடுச்சு. நல்லா வந்துச்சு, ஆனா மறுநாள் மழை. சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்போ பழைய தலையோடதான் வந்தா. இனி நெத்தி முடி மட்டும் போதும்னுட்டா. நல்லவேளை சுருள் முழுசா திரும்பியிருக்கு, வலது பக்கம் ஒரு கொத்து மட்டும் சோம்பலா தொங்குது, அது பழைய மெஷின் பண்ணின புண்ணியம்.

அம்மாதான் நிஜமா சந்தோஷமா இருக்காங்க. உச்சி வகிட்டுல புதுசா முளைச்ச நரை ஒவ்வொண்ணும் ஆன்டெனா மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும், அதை மட்டும் 170ல ஒரே இழுப்பு, படிஞ்சுடுது. தடிமனான முடிக்கு இத்தனை நாள் நாங்க தொட்டும் தொடாம பண்ணினதால எதுவுமே நடக்கலன்னு இப்பத்தான் புரியுது.

நெத்திமுடி:
பழைய 230 மெஷினை என்ன பண்ணினீங்க? நானும் மாத்திட்டேன், 190ல நிக்கறேன், பழசு சும்மா கிடக்கு.

வயலட்பூனை:
அப்பா எடுத்துக்கிட்டார். சட்டைக் காலர் அயர்ன் பண்ண. பட்டன் நடுவுல எல்லாம் நுழையுதாம், அயர்ன் பாக்ஸைவிட இதுதான் வசதின்னு தினமும் காலையில அதோட நிக்கறார்.

மின்கம்பி:
காட்டன் சட்டைன்னா சரி, பாலியஸ்டர் கலந்தது 230ல சுருங்கிப் போயிடும், சொல்லி வெச்சுடுங்க. அதுக்கு முன்னாடி பிளேட்டை நல்லா துடைச்சுக் குடுங்க, உங்க மூணு பேரும் முடியில தடவின சீரம் எல்லாம் காலர்ல ஒட்டிக்கும்.

வயலட்பூனை:
ஒட்டிடுச்சு. வெள்ளைச் சட்டை :)